இடக்கையனுக்கு இரங்கல் கூட்டம்

இரங்கல் கூட்டத்துக்கு வரச் சொல்லி வாசகர் பேரவையின் செயலாளர் போன் செய்தபோது நான் அவருக்கு நன்றி சொன்னேன். என் மனைவி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய நோயைப் பற்றிப் பேசினார்களே தவிர எழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இவர்களாவது பேசுவார்கள் என்று சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். மேடை ஏற்றினால் சொல்வதற்கு பஸ்ஸிலேயே நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டேன்.

மேடையில் ஆளுயரப் படம் ஒன்று இருந்தது. கறுப்பு ரிப்பன் கட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். படத்தில் அகலத் தொப்பி போட்ட ஒருவன் இடது கையில் துப்பாக்கியோடு குதிரைமேல் இருந்தான். மண்டபம் மாறி வந்துவிட்டேன் என்று திரும்பினேன். செயலாளர் வாசலில் மறித்துக்கொண்டார்.

"எங்க சார் போறீங்க? உங்களுக்கு முன்வரிசையில இடம் போட்டிருக்கு. எதிர்த்தரப்புக்குன்னு தனியா."

என் மனைவி 'புழுதிப் பாதை' என்ற வரிசையில் ஒன்பது நாவல்கள் எழுதினாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ரயில் இன்னும் வந்து சேராத ஒரு வறண்ட மேற்குப் பிரதேசம், ஒரே தெரு, ஒரே கிணறு. குதிரை லாயம் நடத்தும் ஒருத்திக்கும் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக்காரன் ஒருவனுக்கும் காதல். அவள் லாயக்காரி, அவன் இடக்கையன். ஒவ்வொரு நாவலிலும் சண்டை போட்டுப் பிரிவார்கள், கடைசிப் பக்கத்தில் சேர்வார்கள். என் மனைவி குதிரையை அருகில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது அவள் முகத்தில் தும்மியது. பகலில் அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்க ஆட்கள் வந்து கத்துவார்கள். "வறண்ட ஊருக்கு நான் எதுக்கு வெளிநாடு போகணும்?" என்பாள்.

ஒன்பதாவது நாவலில் இடக்கையன் செத்துப்போனான். துப்பாக்கிச் சூட்டில் செத்திருந்தால்கூடப் பேரவை பொறுத்திருக்கும். காய்ச்சலில் செத்தான்.

பேரவைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாவல் வரும்போதும் மண்டபம் பிடித்து, இரண்டு வாசகர்களுக்கு இடக்கையன், லாயக்காரி வேஷம் போட்டுக் கல்யாணம் செய்துவைப்பார்கள். எல்லாரும் தொப்பியோடு வருவார்கள். இந்தத் தடவையும் புத்தகம் வருவதற்கு முன்பே மண்டபம் பிடித்தாகிவிட்டது. பிடித்த மண்டபத்தை விட மனசில்லாமல் அதிலேயே இரங்கல் கூட்டம் வைத்துவிட்டார்கள். மணமக்கள் நாற்காலி இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றில் மைக் பெட்டி, இன்னொன்றில் தலைவர்.

பேரவைத் தலைவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர். எழுந்து நின்றதும் தொப்பியைக் கழற்றினார். அறையே தொப்பியைக் கழற்றியது.

"எங்க அப்பா செத்தப்ப நான் அழலை," என்று தொடங்கினார். "அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட். மத்தியானம் போய்ப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிட்டேன். ஆனா இடக்கையன் செத்த பக்கத்தைப் படிச்சதும் ஒரு வாரம் லீவு போட்டேன். காரணம்னு கேட்ட எடத்துல குடும்பத்துல சாவுன்னு எழுதினேன். அது பொய்யா? சொல்லுங்க, அது பொய்யா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"நான் என் வாழ்க்கையில ஆயிரம் சாவுக்கு இழப்பீடு மறுத்திருக்கேன். ஒரு சாவுகூட என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இந்த ஒரு சாவு கெடுத்துடுச்சு. ஏன்னா இவன் நல்லவன்."

கை தட்டினார்கள். இடக்கையனுக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். பிறகு அவனுடைய குதிரைக்காக, அது உயிரோடு இருந்தபோதிலும், கொஞ்சம் குறைவாக மௌனம் காத்தோம். நான் காத்திருந்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுத்தாளரும் காலமாயிட்டதாத் தகவல். இந்த நேரத்துல அவங்க இல்லாதது பேரவைக்குப் பெரிய அசௌகரியம். பதில் சொல்ல ஆள் வேணுமில்லையா? இருந்தாலும் அவங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். அவரைப் பேரவை பின்னாடி கவனிச்சுக்கும்."

அடுத்து பேரவையின் ஏழாம் விதியை நிறைவேற்றினார்கள். கதாநாயகன் மூச்சு நின்ற வரியோடு வாசகர் புத்தகத்தை மூடிவிட வேண்டும், அதற்கு அப்பால் ஒரு எழுத்தில் கண் வைத்தாலும் அவனுக்குத் துரோகம் என்பது அந்த விதி. அத்தனை பேரும் அந்தப் பக்கத்தைப் பிரித்து, செயலாளர் அந்த வரியை வாசித்து முடித்ததும் ஒரே நேரத்தில் புத்தகத்தை மூடினார்கள். அடுக்கி வைத்த பலகை சரிந்த மாதிரி சத்தம்.

பக்கத்தில் என் மச்சினி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மச்சினி, பேரவைக்குப் பொருளாளர். தையல் கடை வைத்திருக்கிறாள். அங்கே இருந்த தொப்பிகளில் பாதி அவள் தைத்தவை. அக்காளை எடுத்துக்கொண்டு போன அன்று வாசலில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் மனசு என்று சிலர் பேசினார்கள். இன்று கல் கரைந்துவிட்டதே என்று அவள் தோளைத் தொட்டேன்.

"அக்கா போனதுகூட மனசு ஏத்துக்கிச்சு அத்தான்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவளுக்கு உடம்பு முடியாம இருந்துச்சு. இவனுக்கு என்ன அத்தான் குறைச்சல்? கல்லு மாதிரி இருந்தானே!"

மனப்பாடம் செய்த நாலு வாக்கியமும் எனக்கு மறந்துபோயிற்று.

விசாரணை அதே மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் நடந்தது. ஈரத்துணியால் துடைத்த நீள மேஜை. அந்தப் பக்கம் தலைவரும் செயலாளரும், இந்தப் பக்கம் நான். என் மச்சினி இரண்டு தரப்புக்கும் வேண்டியவள் என்பதால் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல்செட் செய்கிறவன். தலைவரின் மேல்வரிசை நான் செய்தது. பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. அவர் என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நான் தேய்த்து மெருகேற்றிய பற்களின் வழியாக வந்தது.

"ரெட்டைக் கொலை," என்றார். "ஒண்ணு இடக்கையன். ரெண்டாவது லாயக்காரி."

"லாயக்காரி சாகலையே."

"அவன் செத்த மறு நிமிஷமே அவளும் விழுந்து செத்திருப்பா. வேற என்ன பண்ணுவா?"

"இல்லைங்க. கடைசி அத்தியாயத்துல அவ..."

"நிறுத்துங்க!" செயலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தலைவரும் பொத்திக்கொண்டார். மச்சினி கொஞ்சம் தாமதமாகப் பொத்தினாள். "ஏழாம் விதி இருக்கு சார். படிக்காததைச் சொல்லி எங்க வாசிப்பைக் கெடுக்காதீங்க."

"படிக்கவே மாட்டோம்னு சொல்றீங்களே. அப்புறம் என்ன கெடும்?"

"படிக்காம இருக்கோமே, அது கெடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது நாவல்களையும் தலைகீழாக ஒப்பிக்கக்கூடிய அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கடைசி அத்தியாயத்தைப் படித்திருக்கவில்லை.

அந்த அத்தியாயம் ஆஸ்பத்திரியில் எழுதியது. அதற்குள் அவள் விரல் பேனாவைப் பிடிக்க மறுத்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடக்கையனைப் புதைத்த மறுநாள் காலை, லாயக்காரி எழுந்து என்ன செய்தாள் என்பதுதான் அதில் இருப்பது. அடுப்புப் பற்றவைக்கிறாள். இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள்; ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறாள். அவனுடைய பூட்ஸ் அவளுக்குப் பெரிது. துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போகிறாள். குதிரை தண்ணீர் குடிக்காமல் வாசலைப் பார்க்கிறது. குடிக்கிற வரைக்கும் அவள் நிற்கிறாள். அவ்வளவுதான்.

"இந்த அத்தியாயத்துல ஒண்ணுமே நடக்கலையே?" என்று கேட்டேன்.

"இங்க நடக்காது. உங்களுக்கு நடக்கும்," என்றாள். "எழுதுங்க. பாதியில நிறுத்தினா எனக்கு மறந்துடும்."

அந்த ஒரு மாதமும் நான் காலையில் எழுந்தது அந்த அத்தியாயத்தின்படிதான். தட்டைத் திரும்ப வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செயலாளர் ஒரு பள்ளியில் வருகைப் பதிவைக் கவனிக்கிறவர். கேள்விகளை அந்தக் குரலிலேயே கேட்டார்.

"எழுதும்போது அவங்க என்ன நிலையில இருந்தாங்க?"

"வலியில."

"வலிக்கு மருந்து?"

"கொடுத்தாங்க."

"தூக்கம் வர்ற மருந்தா?"

"ஆமா."

"போதையில செஞ்ச கொலை," என்று தலைவருக்குச் சொன்னார் செயலாளர். "யார் கையெழுத்துல இருக்கு?"

"கடைசி அத்தியாயம் மட்டும் என் கையெழுத்து. அவ சொல்லச் சொல்ல எழுதினேன்."

தலைவர் என்னை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். "ஓஹோ," என்றார். எதற்கு ஓஹோ என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். இடக்கையன் சாகும் அத்தியாயமும் அதற்குப் பின்னால் இருப்பதும் செல்லாது. உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் பிரதிகளிலிருந்து அந்தப் பக்கங்களைப் பொதுவில் வைத்துக் கிழிப்பார்கள். அடுத்த பதிப்பையும் அப்படியே அச்சிட வேண்டும். இனி நாவல், இடக்கையன் நெற்றியில் லாயக்காரி கை வைத்து, "லேசாச் சுடுது. நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்வதோடு முடியும்.

"காய்ச்சல்தானே சார்? எல்லாருக்கும் வர்றது. சரியாயிடும்," என்றார் தலைவர். ஆறுதல் சொல்கிற முகம். என் மனைவிக்கும் முதலில் காய்ச்சல்தான் வந்தது.

பதிப்பாளரிடம் ஓடினேன். பிரதிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து காரைத் துடைக்கிற துணியால் மேஜை விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி அத்தியாயம் இல்லாம நான் சம்மதிக்க மாட்டேன்," என்றேன்.

"உங்க சம்மதம் இல்லாம நான் அச்சடிக்க மாட்டேன். பேரவை ஆளுங்க இல்லாம நான் விக்கவும் மாட்டேன்," என்றார். "ஒரே வழிதான் சார். கிழிக்கிற அன்னிக்கு நீங்களே போய் அதை வாசிச்சுடுங்க. அவங்க படிக்கக் கூடாதுன்னுதானே விதி? கேக்கக் கூடாதுன்னு இல்லையே. ஒத்துக்கிட்டாங்கன்னா ஒரு எழுத்து மாறாம போடறேன். என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

கிழிப்பு விழாவுக்கு இரங்கல் கூட்டத்தைவிடக் கூட்டம். வாசலில் ஆளுக்கொரு இரும்பு அளவுகோல் கொடுத்தார்கள், ஓரம் சீராக வருவதற்கு. கிழித்ததைப் போட நடுவில் ஒரு தகர டப்பா. கொஞ்சம் கைநடுக்கம் உள்ள பெரியவர்களுக்குக் கிழித்துக் கொடுக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி தன் பிரதியை அணைத்துக்கொண்டு, "வலிக்காதில்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் ஆர்வமிகுதியில் எட்டாவது நாவலையும் கிழித்துவிட்டு அழுதார்.

நான் மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். செயலாளர் தடுத்தார். "விதியில கேக்கறதைப் பத்தி இல்லைங்க," என்றேன். அவர் விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். இல்லை. விலகினார்.

வாசித்தேன். அடுப்பு, தட்டு, பூட்ஸ், கிணறு. எனக்குக் குரலை ஏற்றி இறக்கத் தெரியாது. எழுதிக்கொண்ட வேகத்திலேயே வாசித்தேன். இரும்பு அளவுகோல்கள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. குதிரை கடைசியில் குனிந்து குடித்தபோது, பின்வரிசையில் யாரோ ஒருவர் தேம்பினார். பிறகு அறை முழுக்கத் தேம்பியது. அவளைப் பற்றிப் பேச யாருமில்லையே என்று இருந்தவனுக்கு அதைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். என் கையைப் பிடித்தார்.

"இதை யார் எழுதினது?"

"என் மனைவி."

"சார், அந்தம்மா இடக்கையனைக் காய்ச்சல்ல சாகடிச்சவங்க. இரக்கமில்லாதவங்க. இது இரக்கம் உள்ள கை எழுதினது. யார் கையெழுத்துன்னு நீங்களே விசாரணையில சொல்லியிருக்கீங்க."

"அவ சொல்லச் சொல்ல..."

"மருந்துல மயங்கிக் கெடந்தாங்க. அதையும் நீங்கதான் சொன்னீங்க." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு சந்தேகம். தண்ணி ஆபீஸ்ல புகார் கேக்கற ஒரு பொம்பளைக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்? சேணத்தைப் பத்தி என்ன தெரியும்? இவரைப் பாருங்க. கருவி பிடிக்கிற கை. வாயைத் திறக்காத ஆள். ஒன்பது புத்தகத்தையும் எழுதிட்டு, பேரை மட்டும் பொண்டாட்டிக்குக் கொடுத்திருக்கார்!"

கூட்டம் எழுந்து நின்றது. தொப்பிகள் மேலே பறந்தன.

"இல்லைங்க! நான் ஒரு வரி எழுதலை! பல்லு செய்யறவன் நான்!"

"அடக்கத்தைப் பாருங்க," என்றார் செயலாளர், கண்கலங்கி.

மச்சினியைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தாள். பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்தே அக்காள் எழுதியதை முதலில் படித்தவள் அவள்தான். "நீ சொல்லேன்!" என்று மைக்கிலேயே கத்தினேன். "உங்க அக்காதானே எழுதினா?"

எழுந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"பொருளாளரா நான் தீர்ப்புல தலையிட முடியாது அத்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மிச்ச வேலை அன்றே முடிந்தது. இவ்வளவு இரக்கமுள்ள மனிதர் இடக்கையனைக் கொன்றிருக்க மாட்டார். ஆகவே அவன் சாகும் அத்தியாயம் அச்சுப்பிழை. அதை மட்டும் எடுத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஏற்கெனவே கிழித்தவர்கள் டப்பாவில் கையை விட்டுத் தங்கள் தங்கள் பக்கங்களைத் தேடினார்கள். அப்படியானால் அந்தக் காலையில் லாயக்காரி ஏன் தனியாக இருக்கிறாள் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான்.

"இடக்கையன் சந்தைக்குப் போயிருக்கான்," என்றார் தலைவர். "சாயங்காலம் வந்துடுவான்."

"அதான் ஒரு தட்டை உள்ள வச்சுட்டா," என்றாள் முன்வரிசைக்காரி. "வந்ததும் எடுத்துக்கலாம்னு." அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பூட்ஸை விட்டுவிட்டு ஏன் சந்தைக்குப் போனான் என்று யாரும் கேட்கவில்லை.

பதிப்பாளரிடம் மறுபடியும் ஓடினேன். "என் பேரைப் போடாதீங்க. அவ பேரைப் போடுங்க."

"நீங்க கேட்டது கடைசி அத்தியாயம். ஒரு எழுத்து மாறாம வருது. வாக்குத் தவறினேனா?" என்றார். "சார், அவங்க பேர்ல போட்டா ஒரு பிரதி போகாது. கொலைகாரின்னு முடிவு பண்ணிட்டாங்க. போகாத புத்தகத்துல கடைசி அத்தியாயம் இருந்து யாருக்கு லாபம்?"

மச்சினி வீட்டுக்கே வந்து சமாதானம் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க அத்தான். அக்கா எழுதலைன்னு ஆனதுனாலதான் அவ இப்ப நிரபராதி. இல்லைன்னா காலாகாலத்துக்கும் அவளைத் திட்டிட்டே இருப்பாங்க. அதுக்கு இது எவ்வளவோ தேவலை. அவளை ஒரேயடியா விட்டுடலை. புத்தகத்துல அவளுக்கும் ஒரு எடம் வாங்கிக் கொடுத்திருக்கேன், நானே பேசி."

புதிய பதிப்பு போன வாரம் வந்தது. அட்டையில் என் பெயர், பின்னட்டையில் என் படம். மச்சினியின் தொப்பி ஒன்றை என் தலைக்கு ஒட்டியிருக்கிறார்கள். கடைசி அத்தியாயம் ஒரு எழுத்தும் மாறாமல் இருக்கிறது. தெருவில் பார்ப்பவர்கள் என்னை நிறுத்தி, இடக்கையன் சந்தையிலிருந்து என்ன வாங்கி வந்தான் என்று அடுத்த நாவலில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறார்கள். பல் அளவு கொடுக்க வந்த ஒருவர் வாயைத் திறந்தபடியே அதைக் கேட்டார்.

முதல் பக்கத்தைப் பிரித்தேன். என் சார்பில் சமர்ப்பணம் எழுதியிருந்தார்கள். வாசகம் மச்சினியுடையது. 'நான் எழுதும்போதெல்லாம் அலுக்காமல் டீ போட்டுக் கொடுத்த என் மனைவிக்கு.'

அவளுக்கு டீ போடத் தெரியாது. அது அவள் தங்கைக்கும் தெரியும்.